பரக்கத் என்னும் பெயர் கொண்ட அணுமின் நிலையம்
உரிமம் வழங்குமுன் நடைபெறும் பாதுகாப்புச் சோதனைகள் – ஒரு விளக்கம்

அபூதபீ நகருக்கு மேற்கே, அல் தஃப்ரா வட்டாரத்தின் கடலோரப் பாலைவெளியில், நான்கு பெரும் கவிமாடங்கள் வரிசையாக நிற்கின்றன. அரபுலகின் முதல் வணிக அணுமின் நிலையத்தின் உலைக் கட்டிடங்கள் அவை. நிலையத்தின் பெயர் பரக்கா. நம் இல்லங்களில் உணவு பரிமாறும்போதும், மணமக்களை வாழ்த்தும்போதும், வணிகம் தொடங்கும்போதும் 'பரக்கத்' என்று சொல்கிறோமே, அதே சொல்தான் இது.

அழகிய பெயர்தான். ஆயினும் பெயர் அழகாக இருப்பதனால் மட்டும் ஓர் அணு உலை பாதுகாப்பானதாகிவிடுமா? உலை உடைந்தால் அதன் தீங்கு ஊர் எல்லையோடு நிற்பதில்லை. 1986இல் செர்னோபில் உலை வெடித்தபோது அதன் நச்சுத்துகள் பல நாடுகளின் வானில் பரவியதை உலகம் கண்டது. வளைகுடாவின் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே ஆறுகள் இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கியே கோடிக்கணக்கான மக்கள் தாகம் தீர்க்கின்றனர். அந்தக் கடலின் கரையில்தான் உலைகளும் அமைந்துள்ளன. நம் ஊர்களிலிருந்து பொருள் தேடிச் சென்ற தந்தையரும் கணவன்மாரும் மைந்தர்களும் அருந்தும் நீர் அந்தக் கடலின் நீரே.

ஆகவே, 'இந்த உலையை இயக்கலாம்' என்று ஒருவர் கையெழுத்திடுவதற்கு முன்னால் என்னென்ன ஆராயப்படுகின்றன? யார் ஆராய்கின்றனர்? அந்தக் கையெழுத்தை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பது அறிவியல் வல்லுநரின் கடமை மட்டுமன்று. குடும்பம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் தேவையான அறிவும் ஆகும்.

அணைத்த பிறகும் அடங்காத நெருப்பு

அணு உலையின் பாதுகாப்பைப் பற்றிய ஆய்வுகள் யாவும் ஓர் உண்மையைச் சுற்றியே சுழல்கின்றன. வீட்டு அடுப்பை அணைத்தால் நெருப்பு அணைந்துவிடும். அணு உலை அப்படிப்பட்டதன்று. யுரேனிய அணுக்கள் பிளவுபடுவதை ஒரு சில வினாடிகளில் நிறுத்திவிடலாம். ஆனால் பிளவினால் உண்டான புதிய பொருட்கள் தாமாகவே சிதைந்து வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். இதனை எச்ச வெப்பம் என்பர்.

பரக்காவின் ஓர் உலை ஏறத்தாழ 4000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி, அதிலிருந்து 1400 மெகாவாட் மின்சாரத்தைத் தருகிறது. உலையை நிறுத்திய அந்தக் கணத்தில் முழு வெப்பத்தில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு எஞ்சியிருக்கும். ஒரு மணி நேரம் கழிந்தபின் அது ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் குறையும். ஒருநாள் சென்றபின்னும் அரை விழுக்காடு அளவு இருக்கும். அரை விழுக்காடுதானே என்று எண்ணிவிட வேண்டாம்; அதுவே 20 மெகாவாட். இந்த வெப்பத்தைத் தண்ணீர் ஓட்டி இடைவிடாது அகற்றாவிட்டால் எரிபொருள் தண்டுகள் உருகத் தொடங்கும்.

தண்ணீரை ஓட்ட எந்திரம் வேண்டும். எந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். 2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் நேர்ந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் இயங்கிக்கொண்டிருந்த உலைகள் முறைப்படி தாமே நின்றன. வெளி மின்சாரம் அறுபட்டதும் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவரை அனைத்தும் ஒழுங்கு. சற்றொப்ப 50 நிமிடங்களுக்குப் பின் பேரலை வந்து, தாழ்வான இடங்களில் வைக்கப்பட்டிருந்த ஜெனரேட்டர்களையும் மின் இணைப்புப் பலகைகளையும் மூழ்கடித்தது. குளிரூட்டும் வழி அடைபட்டது. மூன்று உலைகள் உருகின.

எனவே உரிமம் வழங்கும் ஆய்வாளர் கேட்கும் முதல் வினா, 'உலை எவ்வளவு மின்சாரம் தரும்?' என்பதன்று. 'எல்லாம் கைவிட்ட பின்னும் இதைக் குளிர வைக்க உங்களிடம் என்ன வழி இருக்கிறது?' என்பதே அவரது வினா.

தராசைப் பிடிப்பவர் யார்?

விற்பவரின் கையிலேயே எடைக்கல்லைச் சோதிக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தால் சந்தையில் நீதி நிலைக்காது. இதனை உணர்ந்துதான் இஸ்லாமிய ஆட்சிகளில் 'ஹிஸ்பா' என்னும் துறை ஏற்பட்டது. முஹ்தஸிப் எனப்படும் அதிகாரி சந்தைக்குச் சென்று அளவைகளையும் நிறுவைகளையும், பண்டங்களின் தரத்தையும் சோதிப்பார். அவர் வணிகர் அல்லர். வணிகரிடம் கூலி பெறுபவரும் அல்லர்.

அணுசக்தித் துறை இந்த எளிய நீதியைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் அணுசக்தியை வளர்ப்பதும் அதனைக் கண்காணிப்பதும் நெடுங்காலம் ஒரே ஆணையத்தின் கையில் இருந்தன. 1974இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வாயிலாக அது பிரிக்கப்பட்டு, 1975 முதல் கண்காணிப்புக்கெனத் தனி ஆணையம் இயங்கலாயிற்று. ஜப்பானில் ஃபுக்குஷிமா விபத்து நேர்ந்த காலத்தில், கண்காணிப்புத் துறையானது அணுமின்சாரத்தை ஊக்குவித்த அதே அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012இல் தந்த அறிக்கையில், இது மனிதர் இழைத்த பேரிடர் என்றே தீர்ப்புரைத்தது. கண்காணிக்க வேண்டியவர்களும் கண்காணிக்கப்பட வேண்டியவர்களும் கைகோத்திருந்ததை அது சுட்டிக் காட்டியது.

ஐக்கிய அரபு அமீரகம் இத்துறையில் தாமதமாகக் கால் வைத்தது. தாமதத்தில் ஒரு நன்மையும் இருந்தது. பிறர் பட்ட பாடுகள் கண்முன் இருந்தன. 2008இல் அந்நாடு தன் அணுசக்திக் கொள்கையை வெளியிட்டது. யுரேனியத்தைச் செறிவூட்டுவதில்லை, எரிந்த எரிபொருளை மறுபதப்படுத்துவதில்லை என்று உறுதி பூண்டது. 2009இல் அணுசக்தி ஒழுங்குமுறைக்கெனக் கூட்டாட்சி ஆணையம் ஒன்று சட்டப்படி அமைக்கப்பட்டது. உலை கட்டும் நிறுவனம் வேறு, உரிமம் தரும் ஆணையம் வேறு என்று தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டனர். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தில் உயர் பொறுப்பு வகித்த வில்லியம் டிராவர்ஸ் என்பவரே இந்த ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநராக அமர்த்தப்பட்டார். தம்மிடம் இல்லாத அறிவை, உள்ளவரிடமிருந்து கேட்டுப் பெறுவதில் வெட்கம் கொள்ளவில்லை.

ஆயிரக்கணக்கான பக்கங்கள், ஆயிரக்கணக்கான வினாக்கள்

2009 டிசம்பரில் தென்கொரிய நிறுவனக் கூட்டமைப்புக்கு நான்கு உலைகளைக் கட்டும் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. ஓராண்டு கழித்து, 2010 டிசம்பரில், முதலிரண்டு உலைகளைக் கட்டுவதற்கான உரிம விண்ணப்பம் ஆணையத்தின் மேசைக்கு வந்தது. அது ஏறத்தாழ 9000 பக்கங்கள் கொண்டது.

இவ்விண்ணப்பத்தின் உயிர் நாடி பாதுகாப்பு ஆய்வறிக்கை என்பதாகும். நிலத்தின் அடியில் என்ன பாறை, என்ன பிளவு? எத்துணைப் பெரிய நிலநடுக்கத்தை எதிர்பார்க்கலாம்? கடல் எந்த அளவுக்கு உயரும்? புழுதிப் புயல் வீசினால் காற்று வடிகட்டிகள் தாங்குமா? எண்ணெய்க் கப்பல்கள் உலவும் கடலில் எண்ணெய் கசிந்து, குளிரூட்டும் நீர் உறிஞ்சும் வாயை அடைத்தால் என்ன வழி? இவ்வாறு இடத்தைப் பற்றிய வினாக்கள் முதலில் எழும்.

அடுத்தது வடிவமைப்பு. பரக்காவின் உலைகள் தென்கொரியாவின் ஷின் கோரி 3, 4 உலைகளை மாதிரியாகக் கொண்டவை. கொரிய ஆணையம் முன்பே ஆராய்ந்து ஏற்ற வடிவம்தானே என்று அப்படியே கையொப்பமிட இயலாது. கொரியாவின் கடல் குளிர்ந்தது. வளைகுடாவின் கடல் கோடையில் கொதிநீர் போலச் சூடேறுவது. சூடான நீரைக் கொண்டு குளிர்விப்பதெனில் வெப்பமாற்றிகள் பெரியனவாக வேண்டும். கொரியாவின் மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி கொண்டது; அமீரகத்தினதோ 50 சுழற்சி. அதனால் மோட்டார்களும் பம்புகளும் மாறுபடும். ஊரிலிருந்து வரும் மருமகளுக்கு ஊரின் தட்பவெப்பம் பழகவேண்டியது போல, உலைக்கும் இடம் பழக வேண்டும். எங்கெங்கே மாறுபாடு உண்டோ அங்கெல்லாம் ஆய்வாளரின் கண் கூர்மையாகப் பதிந்தது.

மூன்றாவதாக, விபத்துகளை எண்ணத்தில் நிகழ்த்திப் பார்க்கும் ஆய்வு. பெரிய குழாய் ஒன்று உடைகிறது. அதே வேளையில் வெளி மின்சாரமும் இல்லை. அவசர எந்திரங்களில் ஒன்று பழுதாகி நிற்கிறது. இந்த மூன்றும் ஒருசேர நிகழ்ந்தாலும் உலை உருகாது என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அதனால்தான் உலைக்குள் அவசர நீர் செலுத்தும் அமைப்பு ஒன்றல்ல, நான்கு தனித்தனி வரிசைகளாக வைக்கப்பட்டுள்ளது. ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதைத் தொடாதபடி அவை பிரிக்கப்பட்டுள்ளன.

இதற்கு அடுக்கடுக்கான காப்பு என்று பெயர். எரிபொருள் வில்லை முதல் வேலி. அதை மூடிய உலோகக் குழல் இரண்டாம் வேலி. தடித்த எஃகுக் கலமும் குழாய்களும் மூன்றாம் வேலி. எல்லாவற்றையும் சூழ்ந்து நிற்கும், உள்ளே எஃகுத் தகடு பதித்த, ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட கனமுள்ள கான்கிரீட் கவிமாடம் நான்காம் வேலி. ஒரு வேலி முறிந்தாலும் மறுவேலி காக்க வேண்டும் என்பது நியதி.

இந்த ஆய்வு நடந்துகொண்டிருக்கையில்தான் ஃபுக்குஷிமா விபத்து நேர்ந்தது. ஆணையம் அதனைக் காணாதது போல் கடந்து செல்லவில்லை. அந்த விபத்தின் படிப்பினைகளைப் பரக்காவின் வடிவமைப்போடு ஒப்பிட்டுத் தனி அறிக்கை தருமாறு நிறுவனத்தைப் பணித்தது. மின்சாரம் முற்றிலும் அற்றுப்போனால் தாக்குப் பிடிக்கும் வழிகளும், வெள்ளத்தடுப்பும் மீண்டும் ஆராயப்பட்டன. அதன் பின்னரே, 2012 ஜூலையில், கட்டுமான உரிமம் வழங்கப்பட்டது.

சனது உள்ள இரும்பு

ஹதீஸ் கலையின் பெருமையை நாம் அறிவோம். ஒரு செய்தி எவ்வளவு இனிமையாக இருப்பினும், அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவரது நேர்மை எத்தகையது, நினைவாற்றல் எத்தகையது என்று சங்கிலித் தொடராக ஆராய்ந்த பின்னரே இமாம் புகாரி (ரஹ்) போன்ற பெருமக்கள் அதனை ஏற்றனர். அத்தொடரில் ஒரு கண்ணி பழுதானாலும் அச்செய்தியின் வலிமை குன்றியது.

அணுமின் நிலையத்தில் பொருத்தப்படும் ஒவ்வொரு முக்கிய உறுப்புக்கும் இதைப் போன்றதொரு சனது உண்டு. இந்த வால்வின் இரும்பு எந்த ஆலையின் எந்த வார்ப்பிலிருந்து வந்தது? அதன் கலவை என்ன? யார் சோதித்தார்? வெல்டிங் செய்தவர் தகுதித் தேர்வில் தேறியவரா? இத்தனைக்கும் எழுத்துச் சான்று இருக்க வேண்டும். ஏனெனில் கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பியையும், சுவருக்குள் ஓடும் கேபிளையும் பின்னர் யாராலும் கண்ணால் பார்க்க இயலாது. அவற்றைப் பற்றிச் சாட்சி சொல்வது அந்தக் காகிதம் ஒன்றே.

அந்தக் காகிதமே பொய்யானால்? தென்கொரியாவில் அதுதான் நிகழ்ந்தது. சில உறுப்புகளின் தரச் சான்றிதழ்கள் போலியானவை என்பது 2012இல் வெளிப்பட்டது. 2013இல் பாதுகாப்புக் கேபிள்களின் சோதனை அறிக்கைகளே திருத்தி எழுதப்பட்டிருந்தமை அம்பலமாயிற்று. உலைகள் நிறுத்தப்பட்டன, பலர் மீது வழக்குத் தொடரப்பட்டது. பரக்காவுக்கு மாதிரியாக விளங்கிய ஷின் கோரி 3ஆம் உலையின் கேபிள்களும் தீச்சோதனையில் தேறவில்லை. அவற்றை அகற்றிப் புதியன பொருத்த நேர்ந்தது. அவ்வுலை வணிக முறையில் இயங்க 2016 டிசம்பர் ஆயிற்று.

அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் எச்சரிக்கிறது. படி அரிசியில் கைப்பிடி குறைத்தவனுக்கே அந்த எச்சரிக்கை என்றால், கோடி உயிர்களைக் காக்கும் கேபிளின் சான்றில் பொய்யெழுதியவனை என்னென்பது? இயற்பியல் விதிகளில் குறை ஏதும் இல்லை. குறை மனித உள்ளத்தில் புகுந்தது. எந்தக் கணினியும் கணக்கிட்டுக் காட்ட முடியாத அபாயம் இதுவே. ஆதலால்தான் ஆணையங்கள் காகிதத்தைப் படிப்பதோடு நில்லாமல், ஆலைக்கும் கட்டுமான இடத்துக்கும் சோதனையாளரை அனுப்புகின்றன.

பரக்காவும் குறையற்றதாக எழுந்துவிடவில்லை. இரண்டாம், மூன்றாம் உலைகளின் கான்கிரீட் கவசத்துக்குள் வெற்றிடங்கள் காணப்பட்ட செய்தி 2018இன் இறுதியில் வெளியாயிற்று. அவை செப்பனிடப்பட்டன. குறை காணப்பட்டதே இழிவு என்பார் சிலர். குறையைக் கண்டும் மறைத்திருந்தால் அன்றோ இழிவு? ஆயினும் இத்தகைய செய்திகள் இன்னும் விரைவாகவும் விரிவாகவும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

எந்திரம் ஆயத்தம், மனிதர் ஆயத்தமா?

கட்டி முடித்த உலையை இயக்குவதற்கு வேறோர் உரிமம் தேவை. அதற்கான விண்ணப்பம் 2015 மார்ச்சில் அளிக்கப்பட்டது. முதல் உலையை 2017இல் இயக்கிவிட வேண்டும் என்பதே தொடக்கத் திட்டம். ஆனால் கிடைத்தது 2020 பிப்ரவரியில்தான்.

இந்தக் காலத்தில் உலை பல சோதனைகளைக் கடந்தது. குளிர்ந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் நிரப்பிக் குழாய்களில் கசிவு உண்டா என்று பார்த்தனர். எரிபொருள் இடாமலேயே உலையை இயங்கும் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து எல்லா எந்திரங்களையும் ஓட்டிப் பார்த்தனர். கவிமாடத்துக்குள் காற்றை அழுத்தி, சுவர் விரிகிறதா, காற்று கசிகிறதா என்று அளந்தனர்.

எனினும் தாமதத்துக்கு முதன்மைக் காரணம் எந்திரமன்று, மனிதர். கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து உலையை இயக்குவோர் போதிய பயிற்சியும் பட்டறிவும் பெற வேண்டியிருந்தது. அச்சு அசலாக அமைக்கப்பட்ட செயற்கைக் கட்டுப்பாட்டு அறையில் அவர்களுக்கு விபத்துகள் நடத்திக் காட்டப்பட்டன. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில், வால்வு ஒன்று திறந்தபடி சிக்கிக்கொண்டதை அறியாத பணியாளர்கள், உலைக்குத் தேவையான நீரைத் தாங்களே குறைத்துவிட்டனர்; உலையின் பெரும்பகுதி உருகியது. அப்பாடத்தை உலகம் மறக்கவில்லை. உலை இயக்குநராகத் தகுதிச் சான்று பெற்ற அமீரகக் குடிமக்களுள் பெண்களும் இருக்கின்றனர் என்பது நம் பெண்மக்கள் அறியத் தக்கது.

இயக்க உரிமத்துக்காக ஆணையம் ஏறத்தாழ 14,000 பக்கங்களை ஆராய்ந்தது. 185க்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தியது. 2000க்கும் மேற்பட்ட விளக்கங்களைக் கேட்டுப் பெற்றது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் குழுக்களும் வந்து பார்வையிட்டன. 2020 ஆகஸ்டில் முதல் உலை உயிர் பெற்றது. 2021 ஏப்ரலில் வணிக இயக்கம் தொடங்கிற்று. நான்காம் உலை 2024 செப்டம்பரில் வணிக இயக்கத்துக்கு வந்தது. நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ கால்பங்கை இந்நான்கும் நிறைவேற்றுகின்றன.

மறுப்போர் சொல்வது என்ன?

ஒரு தரப்பை மட்டும் கூறுவது நீதியன்று. உருகிய உலைக்கருவைத் தாங்கிப் பிடிக்கும் தனி அமைப்பு பரக்காவில் இல்லை என்பது திறனாய்வாளர் கூறும் குறை. உருகினாலும் உலைக்கு அடியிலுள்ள குழியை நீரால் நிரப்பிக் குளிர்விக்கலாம் என்பது வடிவமைத்தோர் தரும் மறுமொழி. 2019இல் அண்டை நாடான கத்தார், இந்நிலையம் தன் குடிநீருக்கும் சுற்றுச்சூழலுக்கும் அச்சுறுத்தலாகலாம் என்று பன்னாட்டு முகமைக்கு எழுதியது; அமீரகம் அதனை மறுத்தது. அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், அண்டை நாட்டின் அச்சத்தை ஏளனம் செய்ய முடியாது. உரிமம் தருவது ஒரு நாடு. காற்றும் கடலும் பல நாடுகளுக்குச் சொந்தம்.

நம் தமிழகத்துக் கூடங்குளத்திலும் இவ்வகை வினாக்களே எழுந்தன. இந்தியாவில் 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இடத்தேர்வு, கட்டுமானம், தொடக்க இயக்கம், முழு இயக்கம் எனப் படிப்படியாக இசைவு தருகிறது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூடங்குளத்துக்கு அனுமதி அளித்தபோதும், 15 கட்டளைகளை இட்டே அளித்தது. மக்கள் வினவியதனால்தான் அக்கட்டளைகள் பிறந்தன.

கட்டிய பின் நம்பிக்கை

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று வினவியவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பின்னர் பொறுப்புச் சாட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதீயில் காண்கிறோம். 14,000 பக்கங்களும் 185 சோதனைகளும் அந்தக் கயிற்றின் முடிச்சுகளே.

முடிச்சை ஒருமுறை போட்டுவிட்டால் போதாது. பரக்காவின் முதல் உலைக்கு 60 ஆண்டுகளுக்கு உரிமம் வழங்கப்பட்டுள்ளது. இன்று பிறக்கும் குழந்தை பேரன் பேத்தி காணும் வரை அந்த உலை எரியக்கூடும். அத்தனை ஆண்டுகளும் கேபிள் மூப்படையும்; கான்கிரீட் மூப்படையும்; கண்காணிப்போரும் மாறிக்கொண்டே இருப்பர். ஆய்வாளர் ஒருவர் ஒருநாள் சோர்ந்து, பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிட்டால் போதும். மற்றவர்கள் போட்ட முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

அமானிதம் என்பது பூட்டி வைத்த பொன் நகை மட்டுமன்று. சோதனை அறிக்கையில் இடும் கையெழுத்தும் அமானிதமே. வெல்டிங் செய்பவர், மின்கம்பி இழுப்பவர், கணக்கு எழுதுபவர் என எத்தொழிலில் இருப்பினும், நம் பிள்ளைகள் தாம் காணாததற்குச் சாட்சி சொல்லாதவர்களாக வளர வேண்டும். பரக்கத் அங்கேதான் இறங்கும். வல்ல நாயன் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.